கண்ணை மூடிக் கை தூக்கியவர்கள்

ஜூன் 6, செவ்வாய்

சாரல் இன்று தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. இஸ்திரி போடுகிறவர் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். இருந்த ஒரு வெள்ளைச் சட்டையில் தண்ணீர் தெளித்து நானே தேய்த்துக்கொண்டேன். காலர் சரியாக வரவில்லை.

மொழிபெயர்ப்பு அதே சொல்லில் நிற்கிறது. ஆள்பவர்களைப் பற்றி ஐந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துக்காரர் ஒருவர் எழுதிய சின்ன நூலைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆசை. யாரும் கேட்கவில்லை, பதிப்பிக்க ஆளும் இல்லை. கல்லூரியில் அரசியல் பாடத்தில் வருடந்தோறும் அவரை நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் அவர் பெயரை ஆளுக்கொரு விதமாக உடைத்ததால் ஃபிளாரன்ஸ்காரர் என்று சொல்ல ஆரம்பித்து, அதுவே எனக்கும் நிலைத்துவிட்டது. அவர் அதிகம் புழங்கும் சொல் ‘விர்த்தூ’. ஓர் ஆள் காரியத்தைச் சாதிப்பது எதனால் என்றால் அதனால்தான் என்கிறார். முதல் வரைவில் ‘நற்பண்பு’ என்று போட்டிருந்தேன். வாசித்துப் பார்த்தால் ஊரைக் கொளுத்திய தளபதிகளுக்கெல்லாம் நற்பண்பு வந்துவிடுகிறது. அடித்துவிட்டு ‘ஆண்மை’ என்று எழுதினேன். மூலச் சொல்லின் வேரும் அதுதான்.

மாலையில், இந்த முதியோர் இல்லத்தில் என் பக்கத்து அறையில் இருக்கும் உலகம்மாள் வழக்கம்போல வந்தார். தென்காசி டெலிபோன் எக்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவர். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “லைன்ல இருக்கேன், படிங்க” என்பார். எழுதியதைப் படித்துக் காட்டுவேன்.

“என்ன புரொபசரே, பொண்ணு பாக்கப் போறீங்களா? மடிப்புக் கலையாம உக்காந்திருக்கீங்க?”

ஃபிளாரன்ஸ்காரர் பதவி பறிபோய்ப் பண்ணை வீட்டில் இருந்த காலத்தில், பகலெல்லாம் சத்திரக்காரனோடு சீட்டாடிவிட்டு, மாலையானதும் சேற்றுத் துணியைக் கழற்றி அரசவை உடையைப் போட்டுக்கொண்டுதான் பழைய நூல்களுக்கு முன்னால் உட்காருவாராம். அந்த மரியாதைக்காகத்தான் நானும் சட்டை மாற்றுகிறேன் என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

‘ஆண்மை’யைக் கேட்டதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அப்ப எனக்கெல்லாம் அது கிடையாதாக்கும்? வெள்ளம் வந்து ஊரே இருட்டாக் கெடந்தப்ப போர்டு முன்னால நான் ஒத்தையில உக்காந்திருந்தேனே, அது எதை வெச்சு?”

அதையும் அடித்துவிட்டேன்.

ஜூன் 8, வியாழன்

மழை. மாலையில் உலகம்மாள் வரவில்லை. சட்டை கசங்காமல் அப்படியே இருக்கிறது, நாளைக்கும் ஆகும்.

ஜூன் 9, வெள்ளி

நேற்று அவர் ஏன் வரவில்லை என்பது காலைச் சாப்பாட்டில் தெரிந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு செங்கோட்டை ரோட்டில் புளியமரத்தடியில் போய் நின்றிருக்கிறார், இரவு டியூட்டிக்கு ஆபீஸ் வேன் வரும் என்று. மாடி அறை ஜெபமணி, மருந்துக்கடை வைத்திருந்தவர், பஸ்ஸில் வந்தபோது பார்த்துக் கூட்டி வந்திருக்கிறார். டிரங்க் கால் எல்லாம் காத்துக்கிடக்கும், விடுங்க என்று உலகம்மாள் வழியெல்லாம் திட்டினாராம். போன மாதம் மின்கெட்டிலைத் தண்ணீரில்லாமல் போட்டுக் கருக்கியதும் அவர்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கெட்டிலை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன்.

இன்று மாலை தெளிவாக இருந்தார்.

“நேத்து டியூட்டிக்குப் போயிட்டேனாமே. ஓவர் டைம் போடுவாகளா?”

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது.

ஜூன் 12, திங்கள்

தலைவர் ரேஞ்சர் கருத்தபாண்டியன் என் அறைக்கு வந்தார். வனத்துறையில் இருந்தவர். இந்த இல்லத்தில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் ஆறு வருடமாகத் தலைவர்; நான் செயலாளர், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால். கீழ்த்தளத்து அறை யாருக்கு, ஆஸ்பத்திரி வேனில் முதலில் யார் போவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். கையெழுத்துப் பக்கங்களைப் பார்த்தவர், “வே செயலாளரே, அந்த இத்தாலிக்காரன் சமாசாரத்தைக் கொஞ்சம் குடும், படிச்சிட்டுத் தாரேன்” என்றார். கேட்டவுடன் கொடுத்துவிட்டேன். அச்சத்தையும் அன்பையும் பற்றிய பகுதி அது, நான் மொழிபெயர்த்து முடித்தவரைக்கும்.

இப்போதெல்லாம் அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஐயா, அம்மா, செயலாளரே, அவ்வளவுதான். அதிகாரம் கூடக் கூடப் பெயர்கள் சிறுத்துப்போகும் போலிருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் இன்று சமையல் பார்க்கும் பேச்சியம்மாவைச் சத்தம் போட்டார், தனக்கு மட்டும் காப்பி வரவில்லை என்று. குடித்த டம்ளர் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பேச்சியம்மா இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழையதைத் துண்டால் மூடி எடுத்துப் போனாள். ஆள்பவன் மற்றவர்களை மிரட்டும் சிங்கமாக இருக்க வேண்டும் என்று ஃபிளாரன்ஸ்காரர் சொல்வது இந்த மாதிரி ஆளைத்தான்.

ஜூன் 15, வியாழன்

கமிட்டிக் கூட்டம். கூட்டத்துக்குப் போகும்போது, “செயலாளர் முன்னால போவணும், அதான் முறை” என்று ரேஞ்சர் என்னை முன்னால் நடக்கச் சொல்லிப் பின்னால் வந்தார். இது புதிய வழக்கம்.

உலகம்மாளை இங்கே வைத்திருக்க முடியாது என்றார். தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த இடம். மதுரையில் மறதிக்காரர்களுக்கென்றே ஓர் இல்லம் இருக்கிறது. நாகபுரியில் இருக்கும் உலகம்மாளின் அண்ணன் மகன் போனில் சரி என்று சொல்லிவிட்டான். வருகிற 25ஆம் தேதி பொதுக்கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுத்துவிடலாம்.

ஜெபமணி தயங்கினார். ஆனாலும், “பாவம்தான். நாளைக்கு லாரி கீரி அடிச்சிட்டா நாமதானே பதில் சொல்லணும்?” என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. புளியமரத்தடியில் உலகம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்தவர் அவர்.

அப்போது ரேஞ்சர் சட்டைப்பையிலிருந்து என் பக்கங்களை எடுத்தார். “நம்ம புரொபசரே எழுதியிருக்காரு. ஆளுதவன் மேல அன்பு இருக்கதைவிட பயம் இருக்கது பத்திரமாம். தலைவர்னா கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயம் இருக்கலாம், வெறுப்பு வந்துவிடக் கூடாது என்று மூலத்தில் அதற்கு அடுத்தே இருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் சொல் கிடைக்காமல் நின்றுபோயிருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். “பேனாவில் மை தீர்ந்துவிட்டது” என்று சொன்னேன். யாரோ ஒரு பேனா கொடுத்தார்கள். குறிப்பெடுத்தேன்.

ஜூன் 17, சனி

உலகம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சியம்மாதான் சொல்லியிருக்க வேண்டும்.

“கமிட்டில நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் செயலாளர். குறிப்பெடுத்தேன்.”

“நல்லா எடுத்தீங்களா? எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லையே?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்க இத்தாலிக்காரரு பதவி போன பிறகு ஜெயில்ல கையைப் பின்னால கட்டிக் கயித்துல தொங்கவிட்டாங்கன்னு சொன்னீங்க. வெளிய வந்து அந்த மனுசன் புஸ்தகம் எழுதினாரு. உங்க கையை யாரு கட்டியிருக்கா?”

மழை ஓட்டில் சத்தமாக விழுந்தது. அவர் வேறு குரலில் பேசினார்.

“மறதிக்கு நான் பயப்படல, புரொபசரே. அது வரத்தான் போகுது. மதுரையில மறந்துட்டேன்னா எனக்கும் அவங்களைத் தெரியாது, அவங்களுக்கும் என்னைத் தெரியாது. இங்கன இருந்தா, எனக்கு உங்களைத் தெரியாமப் போனாலும் உங்களுக்கு என்னைத் தெரியும்லா? ஒரு பக்கமாவது லைன் இருக்கும்.”

இன்று ஒரு வரியும் மொழிபெயர்க்கவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

மூன்று நாளாக ஒவ்வொருவரிடமாகப் பேசிப் பார்க்கிறேன். பேசுகிறேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றி ஆரம்பித்து, எப்படியாவது விஷயத்துக்கு வந்து சேருகிறேன். அநேகமாக எல்லோருக்கும் உலகம்மாளை அனுப்ப மனசில்லை. ஆனால் கீழ்த்தளத்துக்கு மாற வேண்டும், முழங்கால் டாக்டரிடம் போக வேன் வேண்டும். யார் கை எப்போது எழுந்தது என்று ரேஞ்சர் பார்த்து வைத்துக்கொள்வார் என்று பயப்படுகிறார்கள்.

சமையலறையில் பேச்சியம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். “அந்த ஐயா கண்ணைப் பாத்தாப் போதும், இவங்களுக்குக் கை தன்னால மேல போயிரும். கண்ணுதான்யா எல்லாம்.”

அறைக்கு வந்து, நின்றுபோன பகுதியை விட்டுவிட்டு வேறொரு பகுதியை எடுத்தேன். அதில் ஃபிளாரன்ஸ்காரர் மனிதர்கள் கையால் அறிவதைவிடக் கண்ணால் தீர்மானிப்பதுதான் அதிகம் என்கிறார். தோற்றத்தை எல்லோரும் பார்த்துவிடலாம், உள்ளே இருப்பதைத் தொட்டறிவது சிலருக்கே வாய்க்கும். வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னதுதான். இன்று பேனாவை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கண்ணை எடுத்துவிட்டுக் கையை மட்டும் விட்டால்?

ஜூன் 22, வியாழன்

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தேன். “தலைவர் அவர்களே, ஒரு சிறு யோசனை.” குரல் உடைகிறது. “ஒரு யோசனை” என்றால் கொஞ்சம் தேவலை. “சிறு” வேண்டாம்.

வாளி நிரம்பி வழிந்து வராந்தா வரை தண்ணீர். பேச்சியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “யாருகிட்டய்யா பேசிட்டு இருந்தீங்க?” என்றாள்.

ஜூன் 24, சனி

ஒரு விஷயம் இன்றுதான் உறைத்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டால் யாராவது ஒருவர் எண்ண வேண்டும். அது செயலாளர் வேலை. எண்ணுகிறவன் சொல்வதுதான் எண்ணிக்கை. சரிபார்க்க யாரும் இல்லை.

ஃபிளாரன்ஸ்காரர் என் இடத்தில் இருந்தால் எண்ணிக்கையை மாற்றிச் சொல்ல ஒரு கணம்கூடத் தயங்கியிருக்க மாட்டார். நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று நினைக்கிறேன். ‘நினைக்கிறேன்’ என்பதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

உலகம்மாள் இன்று என்னை வேறு யாரோ என்று நினைத்துச் சங்கரன்கோவில் லைன் கிடைக்கவில்லை என்றார். காத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

ஜூன் 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். உலகம்மாள் மாம்பழக் கலர்ச் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், தேர்வு எழுத வந்த பிள்ளை மாதிரி. ரேஞ்சர் தீர்மானத்தைச் சொன்னார். முடிக்கும்போது ‘இந்த அம்மாவை’ என்றார், பெயர் சொல்லவில்லை. “கையைத் தூக்குங்க” என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

நான் எழுந்தேன். நாற்காலி சத்தம் போட்டது. “தலைவர் அவர்களே, ஒரு யோசனை. சிறு யோசனை.”

“சொல்லும்வே.”

“எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கலாம். நாளைக்கு ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க வேண்டும். உலகம்மாளும் இருக்கிறார். யார் எப்படி என்று யாருக்கும் தெரிய வேண்டாமே.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “பென்சில் காணாமப்போன கிளாஸ்ல வாத்தியார் கண்ணை மூடச் சொன்ன மாதிரில்லா இருக்கு.” ஆனால் சிலர் தலையாட்டினார்கள். ஜெபமணி, “அது நல்லதுதான்” என்றார். அவருக்கும் உலகம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கை தூக்க முடியாது போலிருக்கிறது. “எண்ணுறது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

ரேஞ்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவரே எண்ணட்டும். பொய் சொல்லிருவாருன்னு பயமே வேண்டாம். அதுக்கெல்லாம் இவருக்குத் திராணி கிடையாது.”

கூடமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்தச் சொல் விழுந்த இடத்தில் எனக்குள் எதுவோ டக்கென்று நின்றது. திராணி. செய்து முடிக்கும் தெம்பும் அதற்கு வேண்டிய துணிச்சலும் ஒன்றாகச் சேர்ந்தது. நல்லவனுக்கும் இருக்கும், கெட்டவனுக்கும் இருக்கும். ஆணுக்கும் இருக்கும், பெண்ணுக்கும் இருக்கும். இத்தனை நாள் அகராதியில் தேடியதை ஒருவர் என் முகத்துக்கு நேரே, இல்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

“கண்ணை மூடுங்கள்” என்றேன். குரல் உடையவில்லை.

மூடினார்கள். இத்தனை முகங்களைக் கண் மூடிய நிலையில் சேர்த்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் ரொம்ப வயதானவர்களாகத் தெரிந்தார்கள்.

“மதுரைக்கு அனுப்பலாம் என்பவர்கள்.” கைகள் எழுந்தன. நான் பயந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் நிறைய. ஜெபமணியின் கை பாதி எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்தது. தலைவர் இடத்தைப் பார்த்தேன். தீர்மானம் கொண்டுவந்தவர் கை மேசைமேல் இருந்தது. கூட்டம் நடத்துபவர் ஓட்டுப் போடமாட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இங்கேயே இருக்கட்டும் என்பவர்கள்.”

எழுந்தன. எண்ணினேன். திரும்ப எண்ணினேன். அனுப்பலாம் என்பவர்களுக்குச் சமமாக வந்து நின்றது. என் கை ஏற்கனவே சேர்த்தாயிற்று. அப்போதுதான் மேசைப் பக்கம் இன்னொரு கை எழுந்தது. மெதுவாக, தனக்கே தெரியாத மாதிரி. பெரிய கை, மணிக்கட்டில் மூங்கில் கீறிய பழைய தழும்பு. ரேஞ்சர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

துண்டால் மூடி எடுத்துப் போன காப்பி டம்ளர் ஞாபகம் வந்தது. வழி மறந்துபோய் என்னை முன்னால் நடக்கச் சொன்னது. யார் பெயரும் வாயில் வராதது.

“கண்ணைத் திறக்கலாம்” என்று சொல்வதற்குள் அந்தக் கை இறங்கிவிட்டது.

“ஒரு கை வித்தியாசத்தில், உலகம்மாள் இங்கேயே இருக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.”

நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரேஞ்சர், “சரி, முடிவு முடிவுதான்” என்று முழுக் குரலில் சொல்லிவிட்டு எழுந்தார். பேச்சியம்மா பாயசம் எடுத்து வந்தாள். முடிவு எப்படி இருந்தாலும் பாயசம் என்று முதலிலேயே வைத்துவிட்டாளாம்.

கூட்டம் கலைந்ததும் உலகம்மாள் என் பக்கம் சாய்ந்து, “ரேஞ்சர் கை தூக்கினாரே” என்றார்.

“நீங்கள் கண்ணை மூடவில்லையா?”

“ஒரு கண்ணைத்தான் மூடினேன். ஆப்பரேட்டர் போர்டை முழுசா விடுவாளா?” என் முகம் போன போக்கைப் பார்த்துக் கையில் தட்டினார். “கவலைப்படாதீங்க புரொபசரே. நாளைக்கு மறந்திருவேன்.”

ஜூன் 26, திங்கள்

காலையில் ரேஞ்சர் வந்தார். கதவருகிலேயே நின்றார். என் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் காப்பிக் கறை.

“ஒரு கைதான் வித்தியாசமா?”

“ஆமாம்.”

“அது யாரு கைன்னு…” நிறுத்தினார். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். “பாத்தீரா?”

இதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று ஃபிளாரன்ஸ்காரர் ஓர் அத்தியாயமே எழுதுவார். ஆறு வருடமாக இந்த மனிதருக்கு முன்னால் உட்காரும்போது என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அவர் வலது கை சட்டைப்பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

“இல்லை” என்றேன். “கண்ணாடியை அறையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கை என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை.”

அவர் என் மூக்கைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை என்பது அவருக்குத் தெரியும், ஞாபகம் இருந்தால்.

“உட்காருங்கள்” என்றேன். உட்கார்ந்தார். இதுவரை என் அறையில் அவர் உட்கார்ந்ததில்லை.

“அந்தப் பயத்தைப் பத்தி எழுதினீரே. அதுக்கு அடுத்தது என்ன எழுதியிருக்கான்?”

“வெறுப்பு வரவிடக் கூடாது என்கிறார். இன்னோர் இடத்தில், விதி என்பது வெள்ளம் வரும் ஆறு மாதிரி என்கிறார். வெள்ளம் வரும்போது ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் அமைதியாக இருக்கும்போதே கரை கட்டி வைக்கலாம்.”

“கரை” என்றார் ரேஞ்சர். காட்டில் வேலை பார்த்தவருக்கு அது புரியும். எழுந்து போகும்போது திரும்பி, “எல்லா ரூம் வாசல்லயும் பேரெழுதிப் பலகை வெச்சா என்ன? அந்த அம்மா வாசல்ல மட்டும் வெச்சா நல்லாருக்காது. எல்லார் வாசல்லயும். பெரிய எழுத்தா” என்றார்.

நல்ல யோசனை என்றேன்.

ஜூலை 2, ஞாயிறு

வாரம் முழுவதும் பலகை எழுதினேன். என் கையெழுத்து ஒரு வழியாகப் பயன்பட்டது. ஜெபமணி சுவரில் துளை போட்டார். இரண்டு விரலில் பிளாஸ்திரி. மாலை வேளைகளில் யாராவது ஒருவர் உலகம்மாளோடு ரோடு வரை நடப்பது என்று முடிவாகியிருக்கிறது. புளியமரத்தடியில் சற்று நின்று, வேன் இன்று வராது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் அவர் வந்துவிடுகிறார். ரேஞ்சர்தான் முதல் நாள் போனார். இருவரும் திரும்பிவரத் தாமதமானது. பேச்சியம்மா சும்மா அந்தப் பக்கம் போகிறவள்போலப் போய்க் கூட்டி வந்தாள்.

‘விர்த்தூ’ வரும் இடத்திலெல்லாம் ‘திராணி’ என்று திருத்தி முடித்தேன். சரிதானா என்று இப்போதும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் வாசித்தால் வாக்கியம் தடுக்காமல் நடக்கிறது.

மாலையில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உலகம்மாள் வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“தெய்வநாயகம்.” இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். “நல்ல பேரா இருக்கே. இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“இன்றுதான் வைத்தார்கள்” என்றேன்.

பொய்கள் பழகிவிடும் போலிருக்கிறது. அவர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி தெய்வநாயகம், லைன்ல இருக்கேன். படிங்க.”